கொசுவும் இயற்கைதான்

ஐப்பசியில் ரெண்டு தூறல் போட்டால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எலுமிச்சம்பழம் வந்துவிடும். பாதியாக நறுக்கி, சதையில் கிராம்பு குத்திவைத்த எலுமிச்சம்பழம். அதன் பின்னாலேயே வேப்பெண்ணெய் விளக்கு, தண்ணீரில் மிதக்கும் கற்பூரம், வாசலில் வைக்க நொச்சிச் செடி, படுக்கும்முன் மெல்ல வேண்டிய பூண்டு என்று வரிசையாக வரும். கடைசி வரி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: ரசாயனத்தைத் தவிர்ப்போம், இயற்கைக்குத் திரும்புவோம். அதற்குக் கீழே நாற்பது கைகூப்பு.

இதையெல்லாம் கிண்டல் பண்ணுகிற தகுதி எனக்குக் கிடையாது. 2017 வரைக்கும் அந்தக் குழுவில் இந்த மாதிரிச் செய்திகளை அதிகமாக அனுப்பியவன் நான்தான். நம்மாழ்வார் பேச்சைக் கேட்டு வளர்ந்த தலைமுறை. சிறுதானியம், செக்கெண்ணெய், மண்பானை என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் கொண்டுவந்த உற்சாகத்தில், கொசுவையும் அதே வழியில் முடித்துவிடலாம் என்று நம்பினேன். செக்கெண்ணெய் மேல் எனக்கு இப்போதும் புகார் இல்லை. ஆனால் கொசு விஷயத்தில் ‘இயற்கை’ என்கிற சொல் நம் கண்ணைக் கட்டுகிறது. கொசுவும் இயற்கைதான். டெங்கு வைரஸும் இயற்கைதான். கட்டுவிரியன் விஷம் நூற்றுக்கு நூறு ஆர்கானிக்.

நான் இங்கே சண்டை போட வந்திருப்பது வேப்பிலையோடு இல்லை. கொசுக்கடியை நம் தோலின் பிரச்சினையாகவும், நம் அடுப்படியின் பிரச்சினையாகவும் சுருக்கிவிட்ட ஒரு மனநிலையோடு. கொசு பிறப்பது தண்ணீரில். நம் பேச்சு முழுக்க எண்ணெயைப் பற்றி. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் சாகிறார்கள்.

*

2017 அக்டோபர். என் தங்கச்சி வீடு ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு ஊரில். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் ரெண்டு நீல ட்ரம், ஒரு சிமெண்ட் தொட்டி, ஓரமாக நாலு பழைய லாரி டயர். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளின் கொல்லைப்புறம் இப்படித்தான் இருக்கும். தங்கச்சி மகளுக்கு அப்போது ஆறு வயசு.

“அண்ணா, பாப்பாவுக்கு ஜுரமா இருக்குதுங்ணா. அன்னைக்கு அனுப்புனீங்களே, பப்பாளி எலச் சாறு, அது ஒரு நாளைக்கு எத்தன தடவ குடுக்கறது?”

“காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா” என்றேன். எம்பிபிஎஸ் படித்தவன் மாதிரி. நிலவேம்புக் கஷாயமும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

மூணு நாள் ஓடியது. நாலாம் நாள் காலையில் போன். “ஜுரம் விட்டுருச்சுங்ணா.” பின்னாலிருந்து எங்கம்மா குரல்: “பாத்தியா சாமி, தழையிலயே சரியாப் போச்சு.” நான் அதையும் குழுவில் போட்டேன். கைகூப்புகள் வந்தன.

அன்று சாயங்காலம் பாப்பா வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொண்டாள். மூணு தடவை வாந்தி. காய்ச்சல் இல்லை. ஆனால் கையும் காலும் சில்லென்று இருந்தன. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கிளினிக்கில் வேலை பார்ப்பவர். தற்செயலாக வந்தவர் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: “கண்ணு, மொதல்ல வண்டிய எடுக்கச் சொல்லு.” ஆஸ்பத்திரியில் நாலு நாள். பிழைத்துக்கொண்டாள். டாக்டர் எங்களைத் திட்டவில்லை. “காய்ச்சல் எறங்குனப்பறம்தாம்மா இதுல பயப்படணும்” என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டெங்குவின் சூழ்ச்சி அதுதான். மூணாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். அந்த நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக்குழாயிலிருந்து நீர்ச்சத்து கசிந்து வெளியே போகும். ரத்த அழுத்தம் விழும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலும் மூக்கிலும் ரத்தம், சில்லிட்ட கைகால், காரணமில்லாத சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். நாமோ தட்டணுக்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போம். பப்பாளி இலை தட்டணுவைக் கொஞ்சம் உயர்த்துவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. சரி. ஆனால் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கசிவு. அதை இலைச்சாறு நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

என் செய்தி அவளுக்கு விஷம் எதுவும் கொடுத்துவிடவில்லை. மூணு நாள் நிம்மதியைக் கொடுத்தது. ஆபத்து அந்த நிம்மதிதான்.

*

எல்லாக் கொசுவும் ஒரே கொசு என்று நினைப்பதில்தான் முதல் தப்பு ஆரம்பிக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் நம்மைக் கடிக்கும் கொசுக்களை மூணு தண்ணீராகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது சாக்கடைத் தண்ணீர். சேர்வராயன் மலையடிவாரத்தில் தொடங்கி, சேலம் நகரத்துக்குள் நுழைந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரிக்குப் போகிற திருமணிமுத்தாறு. ஒரு காலத்தில் ஆறு, இப்போது சாக்கடையும் சாயக்கழிவும். இந்த மாதிரி அழுகிய தண்ணீர் கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிடித்தமானது. ராத்திரி காதில் வந்து பாடுகிறதே, அது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் இருக்கிற சுத்தமான தண்ணீர். நகரத்து மலேரியாவைக் கொண்டுவருகிற அனோஃபிலஸ் ஸ்டெஃபன்சிக்கு அது. இதுவும் ராத்திரிக் கொசு.

மூன்றாவது, நம் வீட்டு ட்ரம், தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஆட்டுக்கல் குழி, கொட்டாங்கச்சி, டயர். இது ஏடிஸின் ராஜ்யம். டெங்கு, சிக்குன்குனியா ரெண்டும் இதனால் வருகின்றன. பகலில் கடிக்கும், முக்கியமாகக் காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும். சத்தம் போடாது, கணுக்காலில் கடிக்கும், விரட்டினால் நகர்ந்து இன்னொரு காலில் உட்காரும். பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டரைத் தாண்டாது. உங்கள் பிள்ளையைக் கடித்த ஏடிஸ் உங்கள் வீட்டில் பிறந்திருக்கும், இல்லாவிட்டால் நாலு வீடு தள்ளி. இந்த உண்மை கொஞ்சம் கசக்கும்.

இப்போது அந்த எலுமிச்சம்பழத்துக்கு வருவோம். ராத்திரி படுக்கும்முன் விளக்கு, ராத்திரி படுக்கும்முன் புகை, ராத்திரி படுக்கும்முன் பூண்டு. நம் வைத்தியம் முழுக்க ராத்திரிக்குத்தான். டெங்கு கொசு காலையில், பிள்ளை யூனிஃபார்ம் போட்டு ஷூவுக்குச் சாக்ஸ் தேடுகிற நேரத்தில் வந்து கடித்துவிட்டுப் போகிறது.

டயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சமவெளியின் சோறே லாரிதான். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள், சங்ககிரியின் லாரிகள், வழிநெடுக ரீட்ரேடிங் கடைகள். டயரைப் போல ஏடிஸுக்கு அமைந்த தொட்டில் வேறு இல்லை. கருப்பு, நிழல், உள்பக்கம் நிற்கும் தண்ணீர், எப்படிக் கவிழ்த்தாலும் கொஞ்சம் மிஞ்சும். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். ஏடிஸின் பங்காளியான ஆசியப் புலிக்கொசு 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பக்கம் வேரூன்றியபோது, அது ஆசியாவிலிருந்து கப்பலில் போன பழைய டயர்களில் ஏறி வந்தது என்றுதான் ஆய்வாளர்கள் கண்டார்கள். கடல் தாண்டிப் போகத் தெரிந்த பூச்சிக்கு எங்கள் கொல்லைப்புற டயர் மாமியார் வீடு மாதிரி.

*

இயற்கை வைத்தியத்தின் கணக்கையும் நேர்மையாகப் பார்த்துவிடலாம்.

வேப்பெண்ணெய் ஏமாற்று இல்லை. 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டெல்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தின் வி.பி. சர்மாவும் சகாக்களும் தேங்காயெண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து தடவிப் பார்த்தார்கள். அனோஃபிலஸ் கொசுக்களிடமிருந்து பன்னிரண்டு மணி நேரம் பாதுகாப்பு கிடைத்ததாக எழுதினார்கள். நல்ல செய்தி. ஆனால் அது அனோஃபிலஸ். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இவ்வளவு தாராளமான முடிவு கிடைக்கவும் இல்லை. செய்தியை அனுப்புகிறவர்கள் அனோஃபிலஸ் என்கிற சொல்லைக் கத்தரித்துவிட்டு ‘கொசு’ என்று போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு கத்தரிப்பில் மலேரியா டெங்குவாகிவிடுகிறது.

சிட்ரொனெல்லா எண்ணெய்: 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒப்பீட்டில், அது கலந்த பூச்சுகள் சராசரியாக இருபது நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் நின்றன. சுமார் 24 சதவீத டீட் கலந்த பூச்சு ஐந்து மணி நேரம் நின்றது. கையில் கட்டுகிற பட்டைகள் எதற்கும் உதவவில்லை. தாவரத்திலிருந்து கிடைப்பதில் நம்பகமான ஒன்று உண்டு: எலுமிச்சை யூகலிப்டஸ் மரத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த பிஎம்டி. அதையும் மூணு வயசுக்குக் கீழே பூசக்கூடாது என்பார்கள்.

பூண்டு தின்றால் கொசு அண்டாது என்பதைச் சோதித்த ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. கொசு நம்மைத் தேடி வருவது நாம் விடும் மூச்சை வைத்து, உடம்புச் சூட்டை வைத்து, வேர்வையின் வாசத்தை வைத்து. இந்த மூணையும் நிறுத்த ஒரே வழி எதுவென்று உங்களுக்கே தெரியும்.

நொச்சி: சென்னையில் கொசுவை ஒழிக்கிறோம் என்று அரசாங்கமே வீட்டுக்கு வீடு நொச்சிக் கன்று கொடுத்தது நினைவிருக்கலாம். கசக்கினாலோ எரித்தாலோ நொச்சியின் எண்ணெய் வெளியே வரும். சும்மா தொட்டியில் நிற்கிற செடி கொசுவை விரட்டாது. அந்தத் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நின்றால் வளர்க்கவே செய்யும்.

கற்பூரம்தான் எனக்கு ரொம்பப் பயம். கைக்குழந்தைகளுக்குக் கற்பூரம் கரைத்த எண்ணெய் தேய்ப்பதும், எட்டும் இடத்தில் வைப்பதும் விளையாட்டில்லை. உள்ளே போனால் வலிப்பு வரும். தோல் வழியாகவும் உறிஞ்சப்படும். ‘சாமி கும்பிடுகிற பொருள்தானே’ என்பது மருத்துவ வாதம் ஆகாது.

இன்னொரு பக்கம் கொசுவர்த்தி. அது கொடிய ரசாயனம், நொச்சிப் புகை தூய மூலிகை என்று பிரித்துப் பேசுகிறோம். கொசுவர்த்தி பிறந்ததே பூவிலிருந்து. சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பைரெத்ரம் பூவைப் பொடித்து, 1890இல் ஜப்பானின் எய்ச்சிரோ உயெயாமா குச்சியாகச் செய்தார். சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுகிறதே என்றபோது, பாம்பு சுருண்டிருப்பது மாதிரி சுருட்டலாம் என்று யோசனை சொன்னது அவர் மனைவி யூகி என்பார்கள். இன்று கடையில் விற்பது அந்தப் பூவின் மூலக்கூறைப் பார்த்து ஆலையில் செய்த உறவுக்காரப் பொருள். இதில் எந்த இடத்தில் இயற்கை முடிந்து ரசாயனம் ஆரம்பிக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். அதே சமயம் ஒரு சுருள் எரிந்து முடிகையில் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்த அளவுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நுரையீரலுக்கு வேப்பிலை தெரியாது, அலெத்ரின் தெரியாது, துகள்தான் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு வேப்பிலை மூட்டம் போட்டாலும் புகை புகைதான். மாட்டுக்கொட்டகைக்குப் போட்டதை, காற்று போக வழியில்லாத பத்துக்குப் பத்து அறைக்குள் போடுவதை யாரும் பாரம்பரியம் என்று சொல்ல வேண்டாம்.

நாமக்கல்காரர்களுக்காக ஒன்று. 2016இல் எத்தியோப்பியாவில் ஓர் ஆய்வு. படுத்திருப்பவர் பக்கத்தில் கோழியைக் கூண்டில் தொங்கவிட்டால் அனோஃபிலஸ் அராபியென்சிஸ் என்கிற கொசு அந்தப் பக்கம் வருவது குறைந்தது. இது மட்டும் எல்லாக் கொசுவுக்கும் பொருந்துவதாக இருந்திருந்தால், இத்தனை கோழிப்பண்ணை வைத்திருக்கிற நாமக்கல் மாவட்டம் உலகத்துக்கே கொசு இல்லாத சொர்க்கமாக இருந்திருக்கும். நாங்கள் முட்டையோடு அந்த வாசத்தையும் ஏற்றுமதி பண்ணியிருப்போம்.

*

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் நமக்கு எலுமிச்சம்பழம் பிடிக்கிறது? ஏனென்றால் அது நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. யாரிடமும் எதையும் கேட்கச் சொல்வதும் இல்லை.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்க வேண்டியது, அந்த வருஷம் அக்டோபர் 2 அன்றுதான் திறந்தது. அந்தக் கோடையில் தங்கச்சி ஊரில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர். ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு நாள் தண்ணீரைப் பிடித்து வைத்தே ஆக வேண்டிய வீட்டில், ஒரு தலைமுறைக் கொசு பிறந்து சிறகு முளைத்துப் போகிற அவகாசத்தை அந்தக் கால அட்டவணையே கொடுத்துவிடுகிறது. மழை பெய்தால்தான் டெங்கு என்று நினைக்கிறோம். வறண்ட பூமியில் பிடித்து வைக்கும் தண்ணீரும் அதே அளவு டெங்கு.

அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு, 65 பேர் சாவு என்பது அரசுக் கணக்கு. மிகவும் அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று சேலம், அன்றைய முதல்வரின் சொந்த மாவட்டம். தெருவுக்குத் தெரு நிலவேம்புக் குடிநீர் ஊற்றினார்கள். நிலவேம்போடு வெட்டிவேர், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்த கஷாயம். 2012இல் 66 பேரை டெங்கு கொண்டுபோனபோதே அரசு அதைக் கையில் எடுத்திருந்தது. முறையான ஆய்வு வரும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் இயக்கத்தாருக்குச் சொன்னதற்கு, போலீஸில் புகார் கொடுக்கிற அளவுக்குக் கோபம் வந்தது. சித்த மருத்துவத்தைக் காப்பாற்ற அத்தனை பேர் கிளம்பினார்கள். ‘பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா ஏன் தண்ணி வருது?’ என்று கேட்டு எங்கள் தெருவில் ஒரு ஆள் கிளம்பவில்லை. நானும்தான்.

ஒரு டம்ளர் கஷாயம் ஒரு மீட்டர் குழாயைவிட மலிவு. அரசாங்கத்துக்கு அது வசதி. புகை மருந்து அடிக்கிற வண்டி தெருவில் போனால் வேலை நடக்கிற மாதிரி தெரியும். அது ஒரு காட்சி, அவ்வளவுதான். ஏடிஸ் வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியில், தொங்குகிற துணியின் மறைவில் உட்கார்ந்திருக்கும். தெருவில் போகிற புகை அதன் கிட்டப் போகாது.

பாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த ரெண்டாம் நாள் தங்கச்சி வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ட்ரம்மில் கொசுப்புழு இருக்கிறது, அகற்றாவிட்டால் அபராதம். 1939ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. சட்டம் தப்பில்லை. புழுவும் பொய்யில்லை, நானே பார்த்தேன், டார்ச் அடித்தால் வால் ஆட்டிக்கொண்டு கீழே போயின. ஆனால் அந்த ட்ரம் சோம்பேறித்தனத்தால் அங்கே நிற்கவில்லை. குழாய் வராததால் நிற்கிறது. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டவருக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

*

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, பாட்டி வைத்தியத்தை அவமதிக்கிறாய் என்பார். என் ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆயா வெள்ளிக்கிழமையானால் வீட்டில் இருக்கிற அத்தனை குடத்தையும் அண்டாவையும் காலி பண்ணி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவிடுவார். மாட்டுத் தொட்டியைத் துடைப்பம் போட்டுத் தேய்த்துப் பாசி எடுத்துக் காயவிடுவார். வாரத்துக்கு ஒருமுறை, தவறாமல். அவருக்கு ஏடிஸ் தெரியாது. அதன் முட்டை பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, தேய்த்தால்தான் போகும் என்பதும் தெரியாது. ஆனால் ஏழு நாள் சக்கரத்தை அவர் கை உடைத்துக்கொண்டே இருந்தது. இன்று சுகாதாரத் துறை ‘உலர் நாள்’ என்று சொல்வது அந்த வெள்ளிக்கிழமைதான்.

இந்தப் பாரம்பரியம் ஏன் வாட்ஸ்அப்பில் வருவதில்லை? அதில் மர்மம் இல்லை, மூலிகை இல்லை, படம் எடுக்க அழகாக ஒன்றும் இல்லை. இடுப்பு ஒடிகிற வேலை இருக்கிறது. அதை ஒரு பெண் செய்தார். நாம் பாட்டியின் கஷாயத்தை எடுத்துக்கொண்டு பாட்டியின் துடைப்பத்தை விட்டுவிட்டோம்.

ஆயாவைத் தெய்வமாக்கவும் நான் தயாராக இல்லை. அவர் கூடப் பிறந்தவர்களில் ரெண்டு பேர் சின்ன வயசிலேயே குளிர்ஜுரத்தில் போனார்கள். வேப்பமரம் அப்போதும் வாசலில்தான் நின்றது. நாடு சுதந்திரம் வாங்கின சமயத்தில் வருஷத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்பது மதிப்பீடு. அந்தக் காலத்துக் கிராமங்களில் இல்லாத மூலிகையா?

*

அப்படியானால் இயற்கையாகக் கொசுவைத் தடுக்கவே முடியாதா? முடியும். இயற்கை என்பதை வாசத்தில் தேடாமல் கொசுவின் வாழ்க்கையில் தேடினால் முடியும்.

ட்ரம்முக்கு மூடி. மூடி இல்லையா, பழைய வேட்டியை ரெண்டாக மடித்து சைக்கிள் ட்யூபால் இழுத்துக் கட்டுங்கள். வாரம் ஒருநாள் காலி பண்ணித் தேய்த்துக் காயவிடுங்கள். அந்த வேலையை வீட்டு ஆம்பளைகள் செய்யுங்கள். டயரைக் கூரைக்கு அடியில் வையுங்கள், இல்லாவிட்டால் துளை போடுங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை. பகலில் தூங்குகிற குழந்தைக்குப் பகலில் வலை கட்டுங்கள். முழுக்கை, முழுக்கால் துணி போடுங்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

காலி பண்ண முடியாத கிணற்றுக்கும் தொட்டிக்கும் மீன். அதிலும் ஜாக்கிரதை. 1928இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கம்பூசியாவைக் கண்ட குளத்திலும் விட்டால் நம் ஊர் மீனையும் தவளைக் குஞ்சையும் தின்றுவிடும். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னுகிற சின்ன மீன் ஒன்றை நம் வாய்க்கால்களில் பார்த்திருப்பீர்கள். அதுவும் கொசுப்புழு தின்னும், அது இந்த மண்ணுக்காரன். பிடிஐ என்று ஒரு மண் பாக்டீரியா இருக்கிறது. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டெடுத்தது. கொசுப்புழுவின் குடலைத் தாக்கும், நமக்கும் மாட்டுக்கும் ஒன்றும் செய்யாது. 1975இல் தொடங்கிய புதுச்சேரி நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் அதில் நிறைய வேலை செய்திருக்கிறது. அதே மையம் வோல்பாகியா என்கிற பாக்டீரியாவை ஏந்திய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது. பல பூச்சிகளின் உடம்பில் தன்னால் வாழ்கிற பாக்டீரியா அது. அது இருந்தால் டெங்கு வைரஸ் கொசுவுக்குள் சரியாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. இதைவிட இயற்கையான வைத்தியம் எது? ஆனால் இதை நறுக்கிக் கிராம்பு குத்த முடியாது.

கடித்த இடத்துக்கு? சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத் துணியோ ஐஸோ பத்து நிமிஷம் வையுங்கள். அரிப்பு கொசுவின் எச்சிலுக்கு நம் உடம்பு காட்டும் கோபம், குளிர்ச்சியில் அடங்கும். காலமைன் தடவலாம். சுண்ணாம்பு, டூத்பேஸ்ட் வேண்டாம், தோல் புண்ணாகும். சொறியாமல் இருப்பதுதான் பெரிய மருந்து. பிள்ளைகளின் நகத்தை வெட்டிவிடுங்கள். பூச்சு தேவைப்பட்டால் என்ன மருந்து, எத்தனை சதவீதம், பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘மூலிகை’ என்று மட்டும் எழுதிப் பதிவு எண் இல்லாமல் விற்கிற கொசு ஊதுபத்தியை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

காய்ச்சல் வந்துவிட்டால் இந்தக் கட்டுரையையும் மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். ஆஸ்பிரினும் புரூஃபெனும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். நிறையத் தண்ணீர், கஞ்சி, இளநீர். கஷாயம் குடித்தே ஆக வேண்டுமென்றால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து குடியுங்கள். காய்ச்சல் விட்ட நாளில் கொண்டாடாதீர்கள். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்.

*

பாப்பா இப்போது அவள் அம்மாவைவிட உயரம். அவளுக்கு அந்த நாலு நாள் அரைகுறையாகத்தான் ஞாபகம். எனக்கு முழுசாக இருக்கிறது.

போன ஐப்பசியிலும் குழுவில் எலுமிச்சம்பழம் வந்தது. அதற்குக் கீழே நான் தங்கச்சி வீட்டு ட்ரம்மின் படத்தைப் போட்டேன். வேட்டித்துணி மூடி, கருப்பு ட்யூப், பக்கத்தில் அவிழ்த்துக் காயவைத்த இன்னொரு ட்ரம். ஒரு கைகூப்புகூட வரவில்லை. ராத்திரி தங்கச்சி குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

“ஏனுங்ணா, போயும் போயும் ட்ரம்மப் போய்ப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கீங்க. அதுக்குப் பதுலா, தண்ணி ஏன் இன்னும் எட்டு நாளைக்கு ஒருக்கா வருதுன்னு யாரையாச்சும் கேட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

அதைத்தான் இப்போது இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவை உங்கள் குழுவில் எலுமிச்சம்பழம் வந்தால், கைகூப்புக்குப் பதிலாக நீங்களும் கேளுங்கள்: உங்க தெருவுக்குத் தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருது?